இறக்கின வண்டி

இந்த பெஞ்சுல உட்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். அன்வர் பாய் கையில இருக்கற வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். மேடையில செவப்பு வண்டி ஒண்ணு ஏறி நிக்குது பாருங்க, அது இறங்கினாத்தான் உங்க வண்டி ஏறும். உங்களுது புதுசாட்டம் இருக்குதே, டாங்க்கு மேல வெச்ச சந்தனம் கூட இன்னும் உதிரலை. காலு எட்டற மாதிரி பைக் ஒசரத்தை இறக்கறதுக்குத்தானே வந்திருக்கீங்க? பாய் சொன்னாரு. ஒசரம் என்னங்க, அஞ்சு நாலா? நான் அஞ்சு மூணு. வெக்கப்படாதீங்க, இந்த பெஞ்சுல உட்கார்றவங்க எல்லாம் நம்மாளுங்கதான்.

செவப்பு வண்டி என்னுதில்லைங்க. என் சகலையோடது. எம் பேரு செங்கோட்டுவேலு, ராசிபுரத்துல கோழித்தீவனக் கடை வெச்சிருக்கறேன். என் சம்சாரம் கோகிலாவுக்கு ஒரு அக்கா, மைதிலி. அந்த மைதிலியோட வீட்டுக்காரர்தான் பூபதி. ஆறடி. சரியாச் சொல்லணும்னா ஆறடியும் ஒரு இன்ச்சும். இப்ப ஆறடிதான். அதை அப்புறம் சொல்றேன்.

அக்காளைக் கட்டினதால அவரு பெரிய மாப்பிள்ளை, தங்கச்சியைக் கட்டினதால நான் சின்ன மாப்பிள்ளை. முறைக்குச் சொல்றதுதான், தப்பில்லை. ஆனா நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா, புதுசா வர்றவங்க யாரும் இதுல பெரிய மாப்பிள்ளை யாருன்னு கேக்கறதில்லை. பரண்ல இருந்து அண்டாவை எடுக்கணுமா, பெரிய மாப்பிள்ளையக் கூப்பிடு. பல்பு மாத்தணுமா, பெரிய மாப்பிள்ளையக் கூப்பிடு. ஸ்டூல் போட்டு நான் எடுக்கறேன்னு சொன்னா மாமியா பதறிப்போகும். நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, அவரு இப்ப வந்துருவாருன்னு சொல்லும். பல்பு இல்லாத கூடத்துல நாங்க எல்லாம் உட்கார்ந்து அந்தாளுக்காகக் காத்திருப்போம்.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு என்னங்க பொறாமை? எனக்குக் கடை இருக்குது, வீடு இருக்குது. அவருக்கு நாமக்கல்ல லாரிக்கு வீல் அலைன்மென்ட் பண்ற பட்டறை. நிக்கற லாரியைத் தள்ளி நின்னு ஒரு பார்வை பாத்தாப் போதும், முன் சக்கரம் எவ்வளவு கோணிருக்குதுன்னு சொல்லிருவாரு. மிசின் போட்டுப் பாத்தா அதேதான் இருக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க தம்பி, பின்னாடி வேணும்.

போன வருசம் தை மாசம் இந்தச் செவப்பு வண்டிய வாங்கினாரு. மாமனார் வீட்டு வாசல்ல கொண்டு வந்து நிறுத்தினப்ப தெருவே கூடிருச்சு. மாமியா திருஷ்டி சுத்திப் போட்டுச்சு. வண்டிக்கு இல்லைங்க, அவருக்கு. மூணு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். சித்திரையில நானும் அதே வண்டிய வாங்கினேன். அதே கம்பெனி, அதே மாடல், நீலக் கலரு. சோரூம்ல அந்தப் பையன் சார், ஒருக்கா உட்கார்ந்து பாருங்கன்னான். பாக்க வேண்டியதே இல்லை, எழுதுங்கன்னு சொல்லிட்டேன்.

உட்கார்ந்து பாத்திருக்கணும். பெருவிரல் ரெண்டுதான் தரையில படுது. ஒரு பக்கம் சாய்ஞ்சு இடது காலை ஊனினா பாதிப் பாதம். ஓடறப்ப ஒண்ணும் தெரியாதுங்க, ஓடற வண்டிக்கு உங்க காலு எதுக்கு? நிக்கறப்பதான் மானம் போகும். உங்களுக்குச் சொல்லணுமா, நீங்களும் அதுக்குத்தானே வந்திருக்கீங்க.

வைகாசியில மாமனாருக்கு அறுபதாங் கல்யாணம். மண்டபத்து வாசல்ல சொந்தம் பந்தம் எல்லாம் நிக்குது. நான் போய் பிரேக் போட்டு இடது காலை விட்டேன். அங்க தரை கொஞ்சம் பள்ளம். காலு கீழ போகுது, போகுது, தரை வரவே இல்லை. மெதுவா, ரொம்ப மெதுவா வண்டி சாய்ஞ்சு நானும் அதோட படுத்தேன். பட்டு வேட்டி, பன்னீரு, எல்லாம் போச்சு. யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக் கூடத் தேவலை. பந்தல்ல இருந்து அந்தாளு வந்தாரு, வேட்டிய மடிச்சுக் கட்டினாரு, முதுகை சீட்டுல குடுத்து ஒரே மூச்சுல வண்டிய நிமித்தி நிறுத்திட்டாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, இந்த இடம் பள்ளமுங்க, யாரு நிறுத்தினாலும் விழத்தான் செய்யும்னு சொன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. இவரை யாரு எனக்கு வக்கீலா வெச்சது?

அடுத்த வாரமே சேலத்துக்கு வந்தேன், இதே பாய்கிட்ட, இதே பெஞ்சு. பாய் நல்ல மனுசன், ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லுவாரு. இந்த மாதிரி வண்டியில முன்னாடியும் பின்னாடியும் ஒரு கணக்காத்தான் சாய்ச்சு வெச்சிருக்கறான். பின்னாடி மட்டும் இறக்கினீங்கன்னா மூக்கு தூக்கிக்கும், முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்கு இன்னும் படுத்துக்கும். நேர் ரோட்டுல சும்மா ஜம்முனு போகும், வளைவுல சொன்ன பேச்சு கேக்காது. நீங்க உள்ள திருப்புவீங்க, அது வெளிய ஓடும். முன்னாடி மட்டும் இறக்கினா அதுக்கு நேர் எதிரு, தும்மினாக் கூட ஹேண்டில் திரும்பிக்கும். அதனால ரெண்டையும் சேர்த்துத்தான் இறக்கணும். அப்படி இறக்கினாலும் வண்டியோட வயிறு தரைக்குக் கிட்ட வந்துரும், முந்தி சாய்ச்ச அளவுக்கு இனி சாய்க்க முடியாது, சாய்ச்சா ஃபுட்ரெஸ்ட் தரையில உரசும். கடைசியா சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கினா ஸ்டாண்டு நீளமாப் போயிரும், வண்டி விறைப்பா நின்னுட்டு காத்தடிச்சா அந்தப் பக்கம் சாஞ்சுரும், அதையும் கொஞ்சம் வெட்டி ஒட்டணும். இவ்வளவும் சொல்லிட்டு, முன்னாடி ஒரு இன்ச்சு, பின்னாடி ஒரு இன்ச்சு இறக்கிக் குடுத்தாரு.

ஒரு இன்ச்சுல பாதிப் பாதம் முக்கால் பாதம் ஆச்சு. குதிகால் இன்னும் அந்தரத்துல. எனக்குப் பத்தலைங்க. அந்தாளு சிக்னல்ல நிக்கறப்ப ரெண்டு காலையும் பலகையாட்டம் ஊனிட்டு, முழங்கால் கூட லேசா மடிஞ்சிருக்கும். எனக்கு அது வேணும்.

பின் சஸ்பென்ஷன்ல லிங்க்குன்னு ரெண்டு சின்ன இரும்புப் பட்டை. பாய் போட்ட பட்டையில நாலு ஓட்டை இருந்துச்சு. போல்ட்டை ஒவ்வொரு ஓட்டையா மாத்த மாத்த வண்டி பின்னாடி இறங்கிட்டே போகும். பாய் முதல் ஓட்டையில மாட்டியிருந்தாரு. நான் வீட்டுல, தீவன மூட்டை எறக்கற இடத்துல, எஞ்சினுக்கு அடியில ஜாக்கி குடுத்துத் தூக்கி, கடைசி ஓட்டையில மாட்டினேன். முன்னாடி எனக்குக் கை வைக்கத் தெரியலை, அப்படியே விட்டுட்டேன். ஸ்டாண்டை மட்டும் கழட்டி, கிரில் பட்டறையில குடுத்து ரெண்டு விரக்கடை வெட்டி ஒட்டிட்டேன். உட்கார்ந்து பாத்தேன். ரெண்டு குதிகாலும் தரையில. தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

யாருகிட்டயும் சொல்லலை. கோகிலாகிட்டக் கூடச் சொல்லலை. கால் எட்டுதுங்களேன்னு கேட்டா, பழகிருச்சுன்னு சொன்னேன். காலு எப்படிப் பழகி நீளும்னு அவளும் கேக்கலை. பொண்டாட்டிங்களுக்குத் தெரியும், எதைக் கேக்கக் கூடாதுன்னு. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு நாள் நானும் அந்தாளும் பக்கத்துல பக்கத்துல நின்னோம். நானும் ரெண்டு காலையும் ஊனிட்டு நின்னேன். அவரு என் காலைப் பாத்தாரு, பின் சக்கரத்தைப் பாத்தாரு, நல்லா செட் ஆயிருச்சு போல சகலைன்னு சொன்னாரு. அன்னிக்கு முழுக்க எனக்கு வயிறு நெறஞ்சே இருந்துச்சு.

ஆடியில மாமனார் வீட்டு வேண்டுதலுக்குக் கொல்லிமலைக் கோயிலுக்குப் போனோம். அவங்க எல்லாம் வேன்ல, மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் வண்டியில. மைதிலி வேன்லயே வர்றேன்னுட்டா. கோகிலாவை நான்தான் வற்புறுத்தி என் பின்னாடி ஏத்திக்கிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவுங்க. காரவள்ளி தாண்டி நாலாவது வளைவுலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. திருப்பறேன், வண்டி திரும்ப மாட்டேங்குது. ஹேண்டிலைத் தள்ளிச் சாய்ச்சா, பின்னாடி ஆள் பாரம் வேற, கர்ருன்னு ஃபுட்ரெஸ்ட் ரோட்டைக் கீறுது. நிமித்தினா எதுத்த பக்கத்துக்கு ஓடுது. பதினெட்டாவது வளைவுல எதுக்க வந்த டெம்போக்காரன் அம்மா, அப்பான்னு எல்லாரையும் இழுத்துத் திட்டிட்டுப் போனான். கோகிலா என் இடுப்பைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருச்சு.

அந்தாளு என்ன பண்ணினாருங்கறீங்க? முதல்ல முன்னாடி போயிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு பாத்தாரு. எவ்வளவு சுளுவா ஏறிட்டேன் பாருன்னு காட்டறாருன்னு நெனச்சேன். அப்புறம் ஓரம் கட்டி என்னை முன்னாடி விட்டுட்டு, பின்னாடியே வந்தாரு. இப்ப நான் தடுமாறறதை உட்கார்ந்து வேடிக்கை பாக்கறாருன்னு நெனச்சேன். எங்க வளைவு வந்தாலும் பின்னாடி இருந்து அவரு ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாரு, விடாம. மேல இருந்து வர்றவனுக்கு அது கேக்கும்ங்கறது எனக்கு அப்பத் தோணலை. என்னை விரட்டறாருன்னு நெனச்சேன்.

மேல கோயில்ல பொங்கல் வெச்சுச் சாப்பிட்டோம். கை கழுவிட்டு வர்றேன், அந்தாளு என் வண்டிகிட்டக் குத்த வெச்சு உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிட்டு இருக்காரு. எழுந்திரிச்சு என்கிட்ட வந்தாரு. மாமியா, மாமனாரு, எல்லாரும் பக்கத்துலதான். “சகலை, எறங்கறப்ப வண்டிய மாத்திக்கலாமா? உங்க வண்டி எப்படி ஓடுதுன்னு ஒருக்கா ஓட்டிப் பாக்கணும்னு ஆசையா இருக்குதுங்க” அப்படீன்னாரு. கோகிலாவைப் பாத்து, “அம்முணி, நீ அக்காகூடப் பேசிட்டு வேன்ல வா” அப்படீன்னாரு. என் பொண்டாட்டி எதுல வரணும்னு இவரு சொல்றாரு. அவளும் உடனே போயிட்டா, அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு.

இந்த இடத்துல நான் உங்ககிட்டப் பொய் சொல்லப் போறதில்லை தம்பி. இவரு வண்டியில ஏறினா எனக்குக் காலு எட்டாது, எல்லாரும் பாக்க நான் தத்தளிக்கணும், அதுக்குத்தான் மாத்தச் சொல்றாருன்னு நெனச்சேன். அதோட இன்னொண்ணும் நெனச்சேன். ஓட்டிப் பாரு, அப்பத் தெரியும்னு நெனச்சேன். என் வண்டி வளைவுல வெளிய ஓடும்னு எனக்குத் தெரியும். சகலை, பின்னாடி மட்டும் இறக்கியிருக்கறேன், பாத்துப் போங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சொன்னா அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போகும், இவன் காலு எட்டலை, வண்டியத்தான் இறக்கியிருக்கறான்னு. சாவியை நீட்டினேன். அவரு சாவியை வாங்கிட்டு, நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வர்றேன்னாரு.

நான் ஏறறதுக்கு ஒரு கல்லுப் பக்கமா அவரு வண்டியத் தள்ளி நிறுத்திக் குடுத்தாரு. கெளம்பிட்டேன். அய்யோ தம்பி, அந்த வண்டி. நீங்க ஒரு பக்கம் பாத்தாப் போதும், அது திரும்பிக்குது. வளைவுக்குள்ள விட்டா கோடு போட்ட மாதிரி போய் வெளிய வருது. என் வண்டியும் சோரூம்ல இருந்து வந்த அன்னிக்கு இப்படித்தானே இருந்திருக்கும்னு எனக்குத் தோணிருக்கணும். தோணலை. அதே வெலைதானே குடுத்தேன், அந்தாளுக்கு மட்டும் எப்படி நல்ல வண்டியாப் பாத்துக் குடுத்தானுங்கன்னுதான் தோணுச்சு.

கீழ இருந்து எண்ணினா இருபதாவது வளைவு, அங்க நிறுத்தி, தடுப்புச் சுவர் மேல காலை வெச்சுக்கிட்டு அவருக்காகக் காத்திருந்தேன். வரலை. வரட்டும், மெதுவா வரட்டும், இன்னிக்கு நான்தான் முன்னாடின்னு இருந்தேன். ஒரு பத்து நிமிசம் ரொம்ப சந்தோசமா இருந்தேனுங்க. அந்தப் பத்து நிமிசத்தைத்தான் இப்ப நெனச்சாலும் என்னால சோறு திங்க முடியறதில்லை. அப்புறம் மேல இருந்து வந்த ஒரு ஜீப்காரர் நிறுத்தி, உங்ககூட வந்தவருங்களா, நீல வண்டி, முப்பத்தெட்டாவது வளைவுல கிடக்கறாருன்னாரு.

இடது பக்கம் திரும்பற வளைவு. அவரு மெதுவாத்தான் வந்திருக்காரு. எதுக்க ஏறி வந்த பஸ்ஸு அகலமா வளைச்சிருக்குது. ஒதுங்கறதுக்காக உள்ள சாய்ச்சிருக்காரு, வண்டி வெளிய ஓடப் பாத்திருக்குது, இன்னும் சாய்ச்சிருக்காரு. சாய்க்க அதுக்கு மேல எடம் இல்லையே. ஃபுட்ரெஸ்ட் தரையில குத்தி, பின் சக்கரம் அந்தரத்துல தூக்கி, இடது தொடை வண்டிக்கும் சுவருக்கும் நடுவுல. நான் போறப்ப வேன் வந்து நின்னுட்டு இருந்துச்சு. மைதிலி மடியில தலை வெச்சுப் படுத்திருந்தாரு. என்னைப் பாத்ததும், எல்லாருக்கும் கேக்கற மாதிரி, “மண்ணு கிடந்துச்சுங்க சகலை, சறுக்கிருச்சு. உங்க வண்டிய ஓரமாக் கீறிட்டேன், மன்னிச்சுக்கங்க” அப்படீன்னாரு.

அந்த வளைவுல மண்ணு இல்லைங்க. நான் மறு வாரம் தனியாப் போய்ப் பாத்துட்டு வந்தேன். தொடைச்சு வெச்ச மாதிரி ரோடு.

தொடையில கம்பி வெச்சாங்க. மூணு மாசம் படுக்கை. எலும்பு கூடினப்ப இடது கால் ஒரு இன்ச்சு குறைஞ்சு போச்சு. மாமனார் வீட்டுல என்னை யாரும் ஒரு சொல்லு சொல்லலை. அவரு மண்ணுன்னு சொன்னாரு, எல்லாரும் மண்ணுன்னே நம்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ஜனம் ஓயாம வந்த மணியமா இருந்துச்சு. அவரு பொறுமை என்ன, சிரிப்பு என்ன, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை உண்டான்னு நர்சுங்க கூடப் பேசிக்கிட்டாங்க. நான் பழச் சாறு வாங்கிட்டுப் போய் வாசல்லயே நின்னுட்டு இருப்பேன். படுத்திருக்கறப்பவும் கட்டிலுக்கு வெளிய நீட்டிட்டு இருந்துச்சு அந்தாளு காலு.

என் வண்டிய ஓட்டவே இல்லை. லிங்க்கையும் ஸ்டாண்டையும் கழட்டி, தீவன மூட்டைக்குப் பின்னாடி சாக்குல சுத்திப் போட்டுட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

போன திங்கக்கிழமை போன் பண்ணினாரு. மறுபடி வண்டி எடுக்கப் போறாராம். டாக்டர் ஓட்டலாம்னுட்டாராம். இடது காலுக்கு வலு பத்தலை, நிக்கறப்ப முழங்காலை நல்லா மடிச்சுத் தட்டையா ஊனினாத்தான் தாங்குதாம், அதனால வண்டிய இறக்கணுமாம். “அன்வர் பாய்கிட்ட விட்டிருக்கறேன் சகலை. உங்ககிட்டச் சும்மா கிடக்குமே அந்த லிங்க்கு, அதைக் கொண்டு வந்து குடுத்துருங்க. வெட்டின ஸ்டாண்டையும் கொண்டாங்க, அளவு சரியா வருதான்னு பாத்துக்கலாம்” அப்படீன்னாரு.

நான் இறக்கினது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்கன்னு கேட்டேன். மலையிலயேன்னாரு. ஸ்டாண்டுல வெல்டிங் புதுசா மினுக்கிச்சாம். ஏறறப்பவே பின்னாடி இருந்து பாத்து, மூக்கு தூக்கியிருக்குதுன்னு கண்டுக்கிட்டாராம். தெரிஞ்சுமா ஓட்டினீங்கன்னு கேட்டேன்.

“தெரிஞ்சதுனாலதான் ஓட்டினேன். அம்முணிய வெச்சுக்கிட்டு நீங்க அதுல எறங்கியிருந்தா?”

வண்டிய லாரியில ஏத்தியிருக்கலாமேன்னேன். அத்தனை பேர் முன்னாடி உங்க வண்டிய லாரியில ஏத்தச் சொல்றதாங்க சகலைன்னு சிரிச்சாரு. அவ்வளவுதான், வேற பேச்சுக்குப் போயிட்டாரு.

இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தாளு என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? அட, ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? என் பொண்டாட்டிய நானே காப்பாத்திருப்பேன்ல, அதுக்கு எனக்கு எடம் விட்டாரா? அதையும் அவரே செஞ்சுட்டாரு. சரி, மாமனார் வீட்டுல எல்லாரையும் உட்கார வெச்சு, மண்ணும் இல்லை ஒண்ணும் இல்லை, தப்பு என்னுதுதான்னு சொல்லிரலாம்னு ரெண்டு நாளா நெனைக்கறேன். சொன்னா என்னாகும்? அவரு இன்னும் ஒசந்துருவாரு. என்னால அண்ணாந்து பாக்க முடியாத ஒசரத்துக்குப் போயிருவாரு. சொல்லாட்டி நான் இப்படியே சாக்கை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆமாங்க, இதுதான் அந்த லிங்க்கு. காலையில ஒம்பது மணிக்கு வந்தேன், பாய் ரெண்டு தடவை கேட்டுட்டாரு.

இந்தாங்க பாய், எடுத்துக்கங்க. முதல் ஓட்டையிலயே போடுங்க. முன்னாடியும் அதே ஒரு இன்ச்சு, டேப் வெச்சு அளந்து போடுங்க, ஒரு நூலு கூடக் கொறையக் கூடாது. அந்த ஸ்டாண்டு வேண்டாம், அது என் திருட்டு அளவு. அவரு வண்டியோடதைப் புதுசா அளந்து வெட்டுங்க. அளக்கறப்ப நான் பிடிச்சுக்கறேன்.

உங்க வண்டியையும் இறக்குங்க தம்பி, தப்பே இல்லை. ரெண்டு பக்கமும் இறக்குங்க. இறக்கிட்டு வீட்டுல சொல்லிருங்க, சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிருங்க, காலு எட்டலை, இறக்கிட்டேன்னு. பத்து நிமிசம் சிரிப்பாங்க.

அதோ ஆட்டோ வந்துருச்சு. அவருதான். குனிஞ்சுதான் எறங்குவாரு, எந்த ஆட்டோவுலயும் அவருக்குத் தலை இடிக்கும். நடையப் பாத்தீங்களா, அந்தப் பக்கமா ஒரு சாய்ப்பு. நொண்டறப்பவும் என்னைவிட ஒரு சாண் ஒசரம் பாருங்க. கொஞ்சம் இருங்க தம்பி, இந்தக் கடைப் படி அவரு தனியா ஏற மாட்டாரு. என் தோள் மேல கை போட்டுத்தான் ஏறுவாரு. ஊன்றுகோலு ஒண்ணும் அவருக்குச் சரிப்படலையாம், எல்லாம் ஒண்ணு ஒசரமாம், இல்லைன்னா கட்டையாம். என் தோளுதான் அளவெடுத்த மாதிரி இருக்குதாம், போன வாரம் எல்லார் முன்னாடியும் சொன்னாரு.